பதக்கமா, தோழமையா: பிள்ளைகளை விளையாட்டுப் பயிற்சிக்கு இழுப்பது எது?

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும், ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இருந்தார்கள். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நம் பிள்ளையையும் எதிலாவது சேர்க்கலாமா? சேர்த்தால் தொடர்ந்து போகுமா?

முதல் கேள்விக்குத் தெருமுனை விளம்பரப் பலகைகளே பதில் சொல்லிவிடும். சிக்கல் இரண்டாவதில்தான். கோடை முகாமுக்கு இருட்டிலேயே எழுந்து ஓடிய பிள்ளை, ஆகஸ்ட் மாதம் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறது. வீட்டில் “சோம்பேறி” என்கிறார்கள். பயிற்சியாளர் “ஆர்வம் போதவில்லை” என்கிறார். ஆர்வம் என்பது பிள்ளையோடு பிறந்தது, இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்ற எண்ணம் இரண்டு பேச்சிலும் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டு உளவியல் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆர்வத்தின் பெரும்பகுதி திடலில்தான் உண்டாகிறது, அங்கேயே கெட்டும் போகிறது.

தெருவும் திடலும்

நேரம், இடம், விதி, பயிற்சி, போட்டி எல்லாவற்றையும் பெரியவர்கள் வகுத்து நடத்துவதை அமைப்புசார் விளையாட்டு என்கிறோம். பள்ளி அணி, கட்டணப் பயிற்சி மையம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி, ஊர்க் கபடிக் குழு எல்லாம் இதில் அடங்கும். தெருக் கிரிக்கெட் அடங்காது. ஆனால் தெருக் கிரிக்கெட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அமைப்புசார் விளையாட்டில் எது குறைகிறது என்பது விளங்கும்.

தெருவில் விதிகள் அங்கிருக்கும் சுவரையும் சாக்கடையையும் பார்த்து உருவாகின்றன. மாடி வீட்டுக்குள் பந்து போனால் அவுட். ஒரு குத்து விழுந்தபின் ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் மட்டை பிடிப்பான். பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். இவையெல்லாம் இரக்கத்தில் பிறந்த விதிகள் அல்ல. ஒருவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அதிலும் மட்டைக்குச் சொந்தக்காரன் போனால், ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஆகவே எல்லோரையும் ஆட்டத்தில் வைத்திருப்பது எல்லோருடைய கவலையாகிறது. பயிற்சி மையத்தில் அந்தக் கவலைக்கு இடமில்லை. ஒரு பிள்ளை நின்றால் இன்னொன்று சேரும், கட்டணம் வந்துகொண்டிருக்கும்.

சேர்வதற்கு ஒரு காரணம், நிலைப்பதற்கு வேறு

சேர்க்கும் காரணங்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு வெளியே இருப்பவை. அப்பா முடிவு செய்கிறார், எதிர்வீட்டுப் பிள்ளை போகிறது, மையம் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது, தொலைக்காட்சியில் ஒரு வெற்றியைப் பார்த்தார்கள். கடைசிக் காரணத்தைப் பத்திரிகைகள் மிகைப்படுத்துகின்றன என்றே தோன்றுகிறது. பெரும் பதக்கம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் ஆடவைக்கும். ஆடாத பிள்ளையைத் திடலுக்கு இழுத்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிறுத்துவது அரிது.

நிலைப்பதற்கான காரணங்கள் உள்ளே இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸ் 1980களில் முன்வைத்த விளக்கத்தை இங்கே எளிதாகப் பயன்படுத்தலாம். ஒரு செயலைத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் பிள்ளை, தெரிந்தோ தெரியாமலோ இரண்டு கேள்விகளை எடைபோடுகிறது.

1. என்னால் இது முடியுமா?
2. இது எனக்கு எவ்வளவு முக்கியம், அதற்கு நான் எதை இழக்க வேண்டும்?

இரண்டாவது கேள்வியின் பின்பாதியைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பில் மாலை இரண்டு மணி நேரத்துக்கு விலை ஏதுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் அதே இரண்டு மணி நேரத்துக்கு எதிரே டியூஷன் நிற்கிறது, பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நிற்கிறது. ஆட்டத்தின் மீதுள்ள விருப்பம் துளியும் குறையாமலே ஒரு பிள்ளை விலகலாம். அதை ஆர்வக்குறைவு என்று எழுதிவைப்பது தவறு.

அப்படியானால் முக்கியம் என்று பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள்? அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக் குழு, கால்பந்து ஆடும் பிள்ளைகள், பெற்றோர், பயிற்சியாளர்கள் மூன்று தரப்பையும் கேட்டு, ஆட்டத்தை மகிழ்ச்சியாக்கும் 81 அம்சங்களைத் தொகுத்தது. 2014இல் வெளியான அந்தப் பட்டியலின் உச்சியில் வெற்றி இல்லை. முழு முயற்சியோடு ஆடுவது, அணிக்குள் ஒத்துப்போவது, பயிற்சியாளர் மரியாதையாக நடத்துவது போன்றவையே மேலே நின்றன. பிள்ளைகளுக்கு வெற்றி பிடிக்காது என்று இதற்குப் பொருளல்ல. ஆட்டம் நடக்கும்போது அவர்கள் வெல்லத்தான் துடிக்கிறார்கள். அடுத்த நாளும் வரவழைப்பது அந்த வெற்றி அல்ல என்பதுதான் செய்தி.

மூன்று தேவைகள்

இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் கோட்பாடு எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரையன் இருவரும் உருவாக்கியது. ஒரு செயலை அதன் இன்பத்துக்காகவே செய்வது உள்ளார்ந்த உந்துதல். பரிசு, தண்டனை, பாராட்டு ஆகியவற்றுக்காகச் செய்வது புறத்தூண்டுதல். மூன்று தேவைகள் நிறைவேறும் இடத்தில் முதல்வகை வளரும் என்கிறார்கள்.

1. தன்விருப்பம். ‘நானாக வந்தேன்’ என்ற உணர்வு. முழுச் சுதந்திரம் வேண்டியதில்லை. எந்தப் பயிற்சியை முதலில் செய்யலாம், எந்த இடத்தில் ஆடிப்பார்க்கலாம் என்று கேட்டாலே போதும். நம் பயிற்சியிடங்களில் கேட்கப்படாத கேள்விகள் இவை.

2. திறன் உணர்வு. போன மாதம் முடியாதது இந்த மாதம் முடிகிறது என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும். இதற்கு முதல் நிபந்தனை, பந்தைத் தொடுவது. ஒரு கிரிக்கெட் மையத்தில் இரண்டு வலைகள், 24 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வலைக்கும் சேர்த்து 180 நிமிடம். ஆளுக்கு ஏழரை நிமிடம் மட்டை. அதிலும் மூத்த பையன்களுக்குக் கூடுதல் நேரம் போய்விடும். மிச்ச நேரமெல்லாம் பேடு கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பது, எல்லைக்கோட்டில் பந்து பொறுக்குவது. ‘போர் அடிக்கிறது’ என்று வீட்டில் சொல்லும் பிள்ளை மிகைப்படுத்தவில்லை. அது நின்றுகொண்டிருந்த நேரத்தைத்தான் சொல்கிறது.

3. சேர்ந்திருத்தல். தன்னை அங்கே யாருக்காவது தெரியும், தான் வராவிட்டால் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை. கபடிக் குழுக்கள் இதில் கைதேர்ந்தவை. வடுவூர் போன்ற ஊர்களில் ஆட்டக்காரன் என்பது ஊருக்குள் ஓர் அடையாளம். அண்ணன் ஆடிய களத்தில் தம்பி இறங்குகிறான். அங்கே ‘ஊக்கப்படுத்த’ யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

சான்றிதழ் என்னும் சிக்கல்

1973இல் வெளியான ஒரு சோதனையைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மார்க் லெப்பர் குழுவினர் மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவிடம், “வரைந்தால் நல்ல ஆட்டக்காரர் சான்றிதழ் தருவோம்” என்று தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் பொருத்திய அட்டையைக் காட்டினார்கள். இரண்டாவது பிரிவுக்கு எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடிந்தபின் அதே அட்டையைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு அட்டை எதுவும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பறையில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிரிவு, மற்ற இரண்டு பிரிவுகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தது.

கவனிக்க வேண்டியது: எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழ் ஆசையைக் கெடுக்கவில்லை. ‘இதைச் செய்தால் அது’ என்ற பேரம்தான் கெடுத்தது. பேரம் முன்னே வந்ததும், ‘எனக்குப் பிடித்ததால் வரைகிறேன்’ என்பது ‘அட்டைக்காக வரைகிறேன்’ என்று மனத்துக்குள் மாறிவிடுகிறது. அட்டை நின்றால் வரைவதும் நிற்கிறது.

இங்கே நிலைமை மழலையர் வகுப்பைவிடக் கனமானது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் இருக்கின்றன. மாநில அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்களை விளையாட்டுச் சாதனையாளர்களுக்குத் தருகிறது. ‘கோட்டா’ என்ற ஒரே சொல்லில் பெற்றோர் இவை அனைத்தையும் குறிக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையை நீச்சலில் சேர்க்கும்போதே அந்தச் சொல் பேச்சில் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அங்கீகாரமில்லாத சங்கங்கள் ‘தேசியப் போட்டி’ என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் வழங்குகின்றன. கலந்தாய்வில் அது செல்லாது என்று தெரியவரும்போது பிள்ளைக்கு வயது பதினேழு.

ஆனால் இதைக் காட்டி ஒதுக்கீட்டுக்காக ஆடுவதையே இழிவாகப் பேசுவது நியாயமல்ல. வசதியான நாட்டில், வசதியான பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனையை அப்படியே கண்ணகி நகர் போன்ற மீள்குடியேற்றக் குடியிருப்புக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அரசு வேலை ஒன்று ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் இடத்தில், அதற்காக ஆடுவது பேராசை அல்ல. டெசியும் ரையனும்கூடப் புறத்தூண்டுதல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ‘அப்பா திட்டுவார் என்பதற்காக ஆடுகிறேன்’ என்பது ஒன்று. ‘ஆடினால் வேலை கிடைக்கும், வீட்டைத் தூக்கி நிறுத்தலாம், அது எனக்கு வேண்டும்’ என்பது வேறு. இரண்டாவதில் குறிக்கோள் வெளியே இருந்தாலும், பிள்ளை அதைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது. அந்த உந்துதல் நீண்ட நாள் தாங்கும். பேரத்தைப் பேசியது யார், எந்த வயதில் பேசியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதினாறு வயதில் பிள்ளையே போட்ட கணக்கும், ஆறு வயதில் பெற்றோர் போட்ட கணக்கும் ஒன்றாகா.

பதினொரு, பன்னிரண்டு வயதில் நடப்பது

சின்னப் பிள்ளைக்கு முயற்சியும் திறமையும் ஒன்றுதான். அதிகம் ஓடியவன் கெட்டிக்காரன், அவ்வளவே. தோற்றாலும் “நான் நல்லா ஓடினேன்” என்று மனதாரச் சொல்லும். ஜான் நிக்கல்ஸ் என்ற ஆய்வாளர் 1970களின் இறுதியில் காட்டியபடி, ஏறத்தாழ பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் இரண்டும் தனித்தனி என்று பிள்ளைக்கு முழுமையாகப் புரிகிறது. பக்கத்தில் ஓடுபவள் பாதி மூச்சில் தன்னை முந்துகிறாள். அப்படியானால் தன் முயற்சி தன் குறையைத்தான் காட்டுகிறது என்று கணக்குப் போடத் தொடங்குகிறது. ‘என்னால் முடியுமா’ என்ற கேள்விக்கு முதன்முறையாக ‘இல்லை’ என்ற பதில் வருகிறது.

சரியாக அந்த வயதில்தான் நம் அணித் தேர்வுகள் தொடங்குகின்றன. பள்ளிகளுக்கான பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு அணி எடுப்பது ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து. இதில் இன்னொரு கோணலும் உண்டு. வயது வரம்புக் கணக்கில், வரம்பு நாளுக்கு மறுநாள் பிறந்த பிள்ளையும் ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்பார்கள். பன்னிரண்டு வயதில் ஓராண்டு வித்தியாசம் என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம். கனடாவின் பனி ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதை ராஜர் பார்ன்ஸ்லி 1985இல் சுட்டிக்காட்டினார். பெரிய உடம்பைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறோம். சிறிய உடம்பு தனக்குத் திறமையில்லை என்று எண்ணி விலகுகிறது. நம் நாட்டில் சிலர் இதற்குக் குறுக்குவழி கண்டு பிறப்புச் சான்றிதழையே திருத்தினார்கள். 16 வயதுக்குட்பட்ட கிரிக்கெட்டில் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்க வேண்டிய நிலை அப்படி வந்ததுதான்.

பயிற்சியாளர்: இரண்டரை மணி நேரப் பயிற்சி செய்த வேலை

ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் இருவரும் அமெரிக்காவின் சியாட்டில் பகுதிச் சிறுவர் பேஸ்பால் அணிகளில் நடத்திய ஆய்வு இதில் முக்கியமானது. பருவம் தொடங்கும் முன் சில பயிற்சியாளர்களுக்கு மட்டும் சுமார் இரண்டரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். முயற்சியைப் பாராட்டுங்கள், தவறு செய்தால் திட்டாமல் திருத்தச் சொல்லிக்கொடுங்கள், என்ன சொல்கிறீர்கள் என்று நீங்களே கவனியுங்கள் என்பதே பாடம். மற்றப் பயிற்சியாளர்கள் வழக்கம்போல நடந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு, வழக்கமான பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் திரும்பி வரவில்லை. வகுப்பு எடுத்துக்கொண்டவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு வகை அணிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண்டிப்பைக் குறைத்தால் அணி தோற்கும் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு இந்தக் கடைசி வரியே பதில்.

பெண் பிள்ளைகளின் கணக்கு

பதின்வயதினரின் உடலியக்கம் பற்றி உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு, நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் என்ற அளவு உடலியக்கம்கூட இல்லை என்றது அது. இந்தியாவின் நிலை உலகச் சராசரியைவிடச் சற்றுப் பரவாயில்லை. காரணத்தை ஆய்வாளர்கள் ஊகித்தது இப்படி: ஆண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. இதைவிடச் சுருக்கமாக நிலைமையைச் சொல்ல முடியாது.

பெண் பிள்ளை விலகும் இடங்களில் உந்துதல் பற்றிய கோட்பாடு பெரிதாக உதவாது. பூப்பெய்தியதும் போதும் என்று நிறுத்துவது, திடலில் கழிப்பறை இல்லாதது, உடை மாற்ற மறைவிடம் இல்லாதது, அரைக்கால் சட்டையைப் பார்த்து உறவினர் சொல்லும் சொல், இருட்டியபின் திரும்பி வரும் பாதை. எக்கிள்ஸின் சொற்களில் இவையெல்லாம் விலை. ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் விலை அதைவிடப் பெரிதாக இருந்தால் பிள்ளை நின்றுவிடும். கண்ணகி நகர்ப் பெண்கள் ஆடி வருவதை அந்தப் பெண்களின் மன உறுதியாக மட்டும் எழுதுகிறார்கள். பக்கத்திலேயே களம், உடன் வரத் தோழிகள், வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் பேசும் பயிற்சியாளர் என்று விலையைக் குறைக்கும் ஏற்பாடுகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கேதான் அத்தகைய உறுதி நிலைக்கிறது.

போட்டியின் வடிவமும் ஒரு காரணம்

நம் பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகின்றன. குழு ஆட்டங்கள் பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறை. முதல் சுற்றில் ஆடும் அணிகளில் பாதி அன்றே மூட்டை கட்டிவிடும். ஆண்டு முழுதும் பயிற்சி, ஆடியது ஓர் ஆட்டம். அந்த அணியின் மாற்று ஆட்டக்காரருக்கு அதுவும் இல்லை.

சதுரங்கத்தில் சுவிஸ் முறை. முதல் சுற்றில் தோற்றாலும் எல்லாச் சுற்றும் ஆடலாம். தோற்றவர் அடுத்த சுற்றில் தோற்ற இன்னொருவரோடு மோதுவார். ஆகவே மாலைக்குள் ஒரு வெற்றி, ஒரு டிரா பெரும்பாலும் தேறும். ஆட்டத் திறனைக் குறிக்கும் ரேட்டிங் எண் வேறு, தன் முன்னேற்றத்தைத் தானே பார்த்துக்கொள்ள உதவுகிறது. தமிழ்நாட்டில் சதுரங்கம் பரவியதற்கு விஸ்வநாதன் ஆனந்தையும் குகேஷையும் காரணம் சொல்கிறார்கள். கடைசி மேசையில் ஆடும் பிள்ளையையும் நாள் முழுதும் ஆடவைக்கும் இந்த முறைக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

நார்வே இதையே நாட்டு விதியாக்கியிருக்கிறது. அங்குள்ள விளையாட்டுக் கூட்டமைப்பு 2007இல் ஏற்ற குழந்தைகள் உரிமை விதிகளின்படி, பதினொரு வயதுக்கு முன் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ கூடாது; பதின்மூன்று வயதாகும் ஆண்டுக்கு முன் தேசியப் போட்டி கிடையாது. ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. அதுவரை எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை வென்றதில்லை. பனியும் பணமும் அதற்குப் பெருங்காரணங்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சின்ன வயதில் வடிகட்டாவிட்டால் வீரர்கள் கிடைக்கமாட்டார்கள் என்ற வாதம் அதோடு அடிபட்டுப்போகிறது.

சேர்க்கும் முன் திடலில் பார்க்க வேண்டியவை

1. கட்டணம் கட்டும் முன் ஒரு மாலை ஓரமாக நின்று, பொடிப் பிள்ளை ஒன்றைத் தேர்ந்து கவனியுங்கள். அரை மணி நேரத்தில் அது எத்தனை முறை பந்தைத் தொட்டது?

2. தவறு செய்த பிள்ளையிடம் பயிற்சியாளர் என்ன சொல்கிறார்? ‘எத்தனை தடவை சொல்றது’ என்கிறாரா, ‘முட்டியை மடக்கிப் பிடி’ என்கிறாரா?

3. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் தெரிகிறார்கள்? சுவர் நிறையக் கோப்பைகள் இருந்து, திடலில் பத்து வயதுக்காரர்கள் மட்டுமே இருந்தால், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

4. ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். முடிந்ததும் தொடரலாமா, வேறு ஆட்டம் பார்க்கலாமா என்று பிள்ளையிடம் கேட்பதற்கு அது ஒரு தவணை. மொத்தப் பணமும் கட்டியபின் அந்தக் கேள்வியை எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை.